பின் கதவில் இரண்டே ஒயர்

வரதராஜபுரம் பக்கம் கழுத்தளவு தண்ணீர் நின்று படகு விட்டார்களே, அந்த டிசம்பர் புயலுக்கு அடுத்த வருஷம் இது நடந்தது. மழைக்காலம் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. தேதி எல்லாம் எனக்கு நினைவில் நிற்காது. புயலில் மூழ்கிய வண்டிகளில் சேற்று வாடை அப்போதும் போகாமல் இருந்தது, அதை வைத்துத்தான் சொல்கிறேன். கதவைத் திறந்தால் ஏரி வாடை அடிக்கும். ஒரு வண்டியின் சீட்டைக் கழற்றினால் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கேட்கலாமா என்றார். சரி, அது வேறு கதை.

கார் எலக்ட்ரிக்கல் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் பேசப் பேச மருமகள் எழுதுகிறாள், அதனால்தான் இவ்வளவு திருத்தமாக இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் எல்லாம் கையால் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. லேப்டாப் வந்தபோது நம் பிழைப்பு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஷோரூம் சர்வீஸில் வேலை பார்த்த ஒருவர் அப்போது கைகொடுத்தார். பெயர் வேண்டாம், அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. அதை எனக்குப் பழக்கிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கோயில் வாசலில் செருப்பை அடையாளம் கண்டுபிடிப்பது போல, எந்த வரி எப்படி இருக்கும் என்று உருவத்தை வைத்துக்கொண்டேன்.

அதைத் திறந்தால் தம்பி, ஒவ்வொரு காரிலும் கம்பெனி எத்தனை வசதியை மூடி வைத்திருக்கிறது என்று தெரியும். வண்டி கிளம்பியதும் கதவு தானாகப் பூட்டுவது, பூட்டினால் சைடு மிரர் மடங்குவது, இறங்கிப் போனபின் கொஞ்ச நேரம் லைட் எரிவது. எல்லாம் உள்ளே இருக்கும். ஒரு வரியை மாற்றினால் விழித்துக்கொள்ளும். விலை குறைந்த வண்டி என்பதால் வேண்டுமென்றே அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். ஏழைக்கு மறைத்த பண்டத்தை எடுத்துக் கொடுப்பது போல ஒரு பெருமையோடுதான் அந்த வேலையைச் செய்தேன்.

மாடம்பாக்கத்தில் ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. காரைத் தெருவில் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்துவார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நேராக டியூஷனுக்கு வந்துவிடும். மேலே பை வைக்க இடமில்லை, கீழே வைத்தால் நாய் டிபன் பாக்ஸை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அவர் காரின் பின் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துவிடுவார். பிள்ளைகள் கையை விட்டுப் பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு மேலே ஓடும். போகும்போது மறுபடி கையை விட்டு எடுத்துக்கொள்ளும். வண்டியை அவர் வீட்டில் விடப் போனபோது இதை நானே நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மழை வந்தா கண்ணாடி ஏத்துறதுக்கு ரெண்டு மாடி எறங்கணும் பாய். முட்டி போச்சு. மேலே இருந்தே மூடுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். அவர் சாவியிலேயே அது இருந்தது. பூட்டுகிற பட்டனை அழுத்திப் பிடித்தால் நான்கு கண்ணாடியும் ஏறும். கம்பெனி அதை மூடி வைத்திருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து அந்த வரியை மாற்றினேன்.

இந்த மாதிரி வேலைக்கு என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புடலங்காயை வைத்துப் பார்ப்பேன். கண்ணாடி ஏறும்போது குறுக்கே புடலங்காயை நீட்டினால், நல்ல மோட்டார் அதை உணர்ந்து கண்ணாடியைக் கீழே இறக்கிவிடும். பிள்ளையின் கை எவ்வளவு மெத்தென்று இருக்குமோ அந்தப் பதம் அதற்கு உண்டு. அன்றைக்கும் நீட்டினேன். கண்ணாடி தொட்டது, நின்றது, இறங்கியது. காயில் ஒரு கோடுகூட இல்லை.

எந்தக் கதவில் பார்த்தேன்? உட்கார்ந்த இடத்தில் வலது கைப் பக்கம் இருந்த கதவில். டிரைவர் கதவில். மற்ற மூன்றையும் கீழே இறங்கி நின்று வேடிக்கைதான் பார்த்தேன். நான்கும் ஒரே நேரத்தில் சீராக ஏறுவது அழகாக இருந்தது. டீச்சர் கை தட்டினார்.

இரண்டு வாரம் போயிருக்கும். அதே மாடல், அதே விலை ரகத்தில் இன்னொரு கார் வந்தது. புயலில் நனைந்த வண்டி, பின் கண்ணாடி ஏறவில்லை என்றார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின் கதவின் பலகையைக் கழற்றினேன். மோட்டார் கையில் வந்தது. அதில் இரண்டே ஒயர் இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் கதவு மோட்டாரை எத்தனையோ தடவை கழற்றியிருக்கிறேன், அதில் ஆறு ஒயர். இரண்டு மோட்டாரைச் சுற்றுவதற்கு. மீதியெல்லாம் குறுக்கே எதுவும் மாட்டியிருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதற்கு. இரண்டு ஒயர் மோட்டாருக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். நடுவில் இருப்பது காயா கையா என்று தெரியாது.

மோட்டாரை மாற்றிப் பொருத்தி, ஒரு புடலங்காயை நீட்டி, கதவின் சுவிட்சை அழுத்திப் பிடித்தேன். கண்ணாடி நிற்கவில்லை. காய் நசுங்கித் தண்ணீர் விட்டு, இரண்டாகத் துண்டாகி, ஒரு துண்டு உள்ளேயும் ஒரு துண்டு என் செருப்பின் மேலும் விழுந்தது.

ஷோரூம்காரருக்கு போன் போட்டேன். இந்த ரகத்தில் டிரைவர் கதவுக்கு மட்டும்தான் அந்த மோட்டார், மற்ற மூன்றும் சாதா என்றார். அப்புறம் ஏன் சாஃப்ட்வேரில் அந்த வரி இருக்கிறது என்று கேட்டேன். எல்லா ரகத்துக்கும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டிதான் பாய், விலை கூடின ரகத்துக்காக உள்ளே இருக்கிறது, சாதா மோட்டார் போட்ட வண்டியில் அதனால்தான் மூடிவிடுகிறார்கள் என்றார். கதவில் உள்ள சுவிட்சை அழுத்துகிறவன் கண்ணாடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், கையைப் பார்ப்பான், விட்டுவிடுவான். சாவியை அழுத்துகிறவர் எங்கேயோ நிற்பார்.

இரண்டாவது மாடியில் நிற்பார்.

அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். சேலையூர் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. மணி நான்கு ஆகப் போகிறது. டீச்சருக்கு போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. டியூஷன் நேரத்தில் அவர் போனை சைலண்டில் போட்டுவிடுவார், அதையும் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை அடித்தேன். அஸர் தொழுகைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கடையைப் பக்கத்து டயர் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் ஒன்றும் தூர தேசம் இல்லை. ஆனால் அன்றைக்கு சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி ஒரு பக்கச் சாலையை மூடியிருந்தார்கள். பள்ளி வேன்கள் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு நின்றன. ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நானும் நின்றேன். மழைக்கு முன்னால் வருமே, அந்தக் காற்று வீசியது. உங்களுக்கெல்லாம் அது சுகமாக இருக்கும். நான் அன்றைக்கு ஒவ்வொரு காற்றுக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். என் கையில் விழுந்த முதல் சொட்டு நினைவிருக்கிறது. லாரித் தண்ணீர்தான் தெறித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சொட்டு ஹெல்மெட் கண்ணாடியில் விழுந்தது. பிளாட்பாரத்தின் மேலே ஏற்றி ஓட்டினேன். இந்த வயசில் ஓட்டக்கூடாத ஓட்டு. திட்டினார்கள், காதில் வாங்கவில்லை.

தெருவுக்குள் திரும்பியதும் புங்க மரம் தெரிந்தது. பின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நான்கைந்து பிள்ளைகள் பையைப் போட்டுவிட்டு, தங்கள் முறை வரும் வரை தள்ளி நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. காருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஹாரனை அடித்து, மேலே பார்த்து, டீச்சர் டீச்சர் என்று கத்தினேன். சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்குத்தான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் வந்தது அவரைத் தடுக்க. நான் கத்தியதால்தான் அவர் வெளியே வந்தார். பால்கனிக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளங்கையை நீட்டி மழையைப் பார்த்தார். எனக்குத் தெரியட்டும் என்று சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"இருங்க பாய், கண்ணாடிய ஏத்திட்டு வரேன்."

நான் போட்டுக் கொடுத்த வேலை எப்படி நடக்கிறது என்று எனக்கே காட்டுகிறார். அவர் நிற்கும் இடத்திலிருந்து காரின் கூரையும் புங்கக் கிளையும்தான் தெரியும். கண்ணாடி ஏறத் தொடங்கியது. அதே நேரத்தில் மழை என்று கத்திக்கொண்டு ஒரு பெண் பிள்ளை ஓடிவந்து பையை எடுக்கக் கையை உள்ளே விட்டது. எட்டு வயசு இருக்கும். கை முழங்கைக்கு மேல் உள்ளே போய்விட்டது. தாடை கண்ணாடியின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கையில் ஹெல்மெட் இருந்தது. பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் அந்தச் சந்தில் அதைத் திணித்தேன். கண்ணாடி வந்து அதில் முட்டியது. நிற்கவில்லை, தள்ளியது. மோட்டார் முனகுவது கேட்டது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி பட்டென்று உடைந்தது. மேலே அவர் இன்னும் பட்டனை விடவில்லை.

"டீச்சர், கைய எடு!"

அவரை ஒருமையில் பேசியது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் விட்டுவிட்டார். கண்ணாடி நின்றது. ஆனால் இறங்கவில்லை. கதவும் பூட்டிக்கொண்டுவிட்டது. இன்னொரு பட்டன் எதையாவது அழுத்திவிடப் போகிறாரே என்று, எதையும் தொடாமல் கீழே வாருங்கள் என்று கத்தினேன். முட்டி வலியோடு இரண்டு மாடி இறங்க எவ்வளவு நேரமாகும்? அதுவரை அந்தப் பிள்ளையின் கை ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் இறுகியிருக்க, நான் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைக் கீழே அமுக்கிக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை அழவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது.

"தாத்தா, நா ஒண்ணும் ஒடைக்கல."

டீச்சர் வந்து கதவைத் திறந்து சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. முழங்கைக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. விரலை மடக்கச் சொன்னேன், மடக்கியது. தோளைச் சுற்றச் சொன்னேன், சுற்றியது. நான் அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். காரைப் பார்த்துத் திட்டினார். இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான், புயலுக்கு அப்புறம் எல்லாமே கோளாறு, நாளைக்கே ஷோரூமில் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார். நீங்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பிகளா, வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நான் பெரிய மனுஷன். பிள்ளையைக் காப்பாற்றிய பாய். ஆமாம் டீச்சர், வண்டிக் கோளாறுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மறுநாள் வந்து யாருக்கும் தெரியாமல் அந்த வரியை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் ஷோரூமில் போய்ச் சண்டை போடுவார், ஒன்றும் புரியாமல் திரும்பி வருவார், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது.

"வண்டி மேல தப்பு இல்ல டீச்சர். நாந்தான் பண்ணேன். ஒரு கதவ மட்டும் பாத்துட்டு நாலும் சரின்னு உங்ககிட்ட குடுத்துட்டேன்."

அவர் என் கையை விட்டுவிட்டார். அப்புறம் சொன்னார். "இத என்கிட்ட சொன்னா பத்தாது. அவ அம்மா தெருமுனையில இருக்காங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க."

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர்தான் அந்தப் பிள்ளையின் அம்மா. மழைக்குத் துணியெல்லாம் மூடிவிட்டு அவரே வந்தார். நான் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. மகளின் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கி, நிமிர்த்தி, அழுத்திப் பார்த்தார். ஐந்து விரலும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னா பாய், எம் பொண்ணுக்கு நீ ஓடியாந்துட்ட. இத இன்னும் யார் யார் வண்டில போட்டு வுட்டுகீற?"

அந்தக் கேள்வி வரும் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், தோன்றவில்லை. இந்த ஒரு கார், இந்த ஒரு தெரு என்றே என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் வண்டியின் ஜன்னல் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் லேப்டாப்போடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே கடைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. போனில் ஒவ்வொரு நம்பருக்கும் பெயருக்குப் பதிலாக அந்த வண்டியைப் படம் எடுத்து வைத்திருப்பேன். படம் படமாகத் தள்ளினேன். எந்த வண்டியில் எதைத் திறந்துவிட்டேன் என்று எனக்கு மறக்காது. இந்தக் கண்ணாடி வேலை செய்தது டீச்சர் வண்டியையும் சேர்த்து மொத்தம் ஒன்பது வண்டி.

அடுத்த பத்து நாளில் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். எனக்கு ஷுகர் உண்டு, அந்தப் பத்து நாளும் சரியாகச் சாப்பிட்டதில்லை. வானம் கறுத்தால் எழுந்து நின்றுவிடுவேன். சிலர் விஷயத்தைச் சொன்னதும் பயந்துபோய் உடனே எடுக்கச் சொன்னார்கள். சேலையூரில் ஒருவர் மறுத்தார். நல்ல வசதி பாய், நான் பார்த்துத்தானே அழுத்துவேன், என் வண்டி என் இஷ்டம் என்றார். சண்டை போடவில்லை. காய்கறிக் கடையில் ஒரு புடலங்காய் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்துப் பின் கண்ணாடியில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அப்புறம் அவரே சாவியை நீட்டினார்.

நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள், வேகமானவர்கள். ஒரு வசதியைத் திறக்க முடிகிறது என்று ஸ்கிரீன் சொல்லும். அதைத் தாங்குகிற சாமான் கதவுக்குள் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஏன் மூடி வைத்தார்கள் என்று ஒரு தடவையாவது கேளுங்கள். நான்கு கதவு இருந்தால் நான்கிலும் சோதித்துப் பாருங்கள். தப்பு நடந்துவிட்டதா, அந்த ஒரு வண்டியோடு நிறுத்தாதீர்கள். அந்த அம்மா கேட்டதை முதலில் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதில் எட்டு கிடைத்தது.

ஒன்பதாவது அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு வண்டி. சாம்பல் நிறம், இடது பின் கதவின் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், அதன் மேல் நிறம் சேராமல் அடித்த பெயிண்ட். போனை எடுக்கவில்லை. நேரில் போனால் வீட்டில் வேறு குடித்தனம். முன்பு இருந்தவர்கள் வெளியூர் போய்விட்டார்கள், வண்டியை விற்றுவிட்டார்கள் என்றார்கள். விற்றுக் கொடுத்த புரோக்கரைப் பிடித்தேன். செங்கல்பட்டு பக்கம் யாரோ குடும்பத்தோடு வந்து எடுத்துப் போனார்கள், அதற்குமேல் தெரியாது என்றார். செங்கல்பட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். சாம்பல் நிறக் கார் உலகத்தில் எத்தனை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வாங்கியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். என்றைக்காவது பட்டனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தால் தெரியும். கடையை மூடி ஓய்வில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சிக்னலில் நின்றால் இன்றைக்கும் என் கண் பக்கத்து வண்டியின் இடது பின் கதவுக்குத்தான் போகிறது.

அந்த வண்டி உங்களில் யாருடைய கடைக்காவது வரலாம். ஆயில் மாற்ற வரும், ஹாரன் அடிக்கவில்லை என்று வரும். வந்தால் கேட்காமலே அதை மூடிவிடுங்கள், வண்டிக்காரரிடம் இது ராஜகீழ்ப்பாக்கம் பாய் செய்த தப்பு என்று சொல்லுங்கள். வராவிட்டாலும் பக்கத்துக் கடைக்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள். அவரை அடுத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். செங்கல்பட்டு தாண்டியும் போகட்டும்.